புகைபோக்கிக்குக் கணக்கு உண்டு, ஊருக்கு இல்லை

சென்னையின் வடகோடியில், திருவொற்றியூரைக் கடந்து எண்ணூர்க் கழிமுகம் வரை நீளும் கடற்கரையும், அதற்கு மேற்கே மணலி வரை விரியும் தாழ்நிலமும், மாநகரத்துக்குக் கட்டாயம் வேண்டிய, ஆனால் மாநகரத்தின் மற்றப் பகுதிகள் தம் அருகில் வைத்துக்கொள்ள விரும்பாத ஏறத்தாழ எல்லாவற்றையும் கடந்த அறுபது ஆண்டுகளாக ஏற்றுக்கொண்டு வந்திருக்கின்றன. 1965இல் மெட்ராஸ் ரிஃபைனரீஸ் என்ற பெயரில் தொடங்கப்பட்டு, இன்று ஆண்டுக்கு 1.05 கோடி டன் கச்சா எண்ணெயைச் சுத்திகரிக்கும் திறனோடு விளங்கும் சென்னை பெட்ரோலியம் நிறுவனம் மணலியில் இருக்கிறது; உர ஆலையும் பெட்ரோ ரசாயன ஆலைகளும் அதையொட்டியே வளர்ந்தன. வடக்கே, வல்லூரில் 1,500 மெகாவாட், வடசென்னை அனல்மின் நிலையத்தின் முதல் இரண்டு கட்டங்களில் 1,830 மெகாவாட், 2024இல் திறந்துவைக்கப்பட்ட மூன்றாம் கட்டத்தில் 800 மெகாவாட் என நிலக்கரியால் இயங்கும் மின் அலகுகள் ஒன்றுக்கொன்று கூப்பிடு தூரத்தில் நிற்கின்றன. நிலக்கரியை இறக்கும் காமராஜர் துறைமுகம், அதற்கு அப்பால் காட்டுப்பள்ளித் துறைமுகம், எரிந்த நிலக்கரியின் சாம்பலைத் தேக்கிவைக்கும் குட்டைகள், இவற்றுக்கு இடையே இரவும் பகலும் ஓடும் கன்டெய்னர் லாரிகள், தெற்கே கொடுங்கையூர் குப்பைமேடு ஆகிய அனைத்தையும் சேர்த்தால்தான் வடசென்னையின் காற்றில் என்னென்ன கலக்கின்றன என்பது ஓரளவு விளங்கும்.

இந்த வளாகங்களின் மதில்களை ஒட்டி வாழ்பவர்கள் யார் என்பதும் இந்தக் கதையின் ஒரு பகுதியே. கழிமுகத்தில் இறாலும் நண்டும் பிடித்துப் பிழைத்த குப்பத்து மீனவர்கள், தலித் குடியிருப்புகளைச் சேர்ந்தோர், பர்மாவிலிருந்து திரும்பி வந்து குடியமர்த்தப்பட்டோர், நகரின் நடுப்பகுதியிலிருந்து அப்புறப்படுத்தப்பட்டு வந்தோர் ஆகியோரே இங்கே பெரும்பான்மையினர். வருமானத்திலும் செல்வாக்கிலும் பின்தங்கியதாலேயே ஒன்றன்பின் ஒன்றாக மாசு தரும் தொழில்களைத் தம் பக்கத்தில் ஏற்க நேர்ந்து, அவற்றின் மொத்தப் பாரத்தையும் மூச்சில் சுமக்கும் இத்தகைய மக்களைச் சூழலியல் சட்ட அறிஞர்கள் 'மிகைச்சுமை தாங்கும் சமூகங்கள்' என்று வகைப்படுத்துகிறார்கள். அவர்களைக் காப்பதற்கு இந்தியாவில் சட்டம் இல்லை என்று சொல்ல முடியாது. காற்று (மாசுத் தடுப்பு மற்றும் கட்டுப்பாடு) சட்டம் 1981 முதல் நடப்பில் இருக்கிறது. அந்தச் சட்டம் எதை அளக்கிறது, எதை அளக்காமல் விடுகிறது என்பதில்தான் சிக்கல் தொடங்குகிறது.

இச்சட்டத்தின் 21ஆம் பிரிவின்படி, ஒரு தொழிற்சாலையை நிறுவுவதற்கும் பின்னர் அதை இயக்குவதற்கும் மாநில மாசு கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவாணை வேண்டும். இசைவாணையில் அந்த ஆலையின் ஒவ்வொரு புகைபோக்கியிலும் எந்த வாயு எவ்வளவு செறிவில் வெளியேறலாம் என்று குறிக்கப்பட்டிருக்கும். ஒரு கனமீட்டர் புகையில் இத்தனை மில்லிகிராம் என்பதே அதன் அளவுகோல். இது உமிழ்வு வரம்பு. இதற்கு முற்றிலும் வேறானது, மக்கள் சுவாசிக்கும் வெளிக்காற்றுக்கான தரம். 2009இல் திருத்தி வெளியிடப்பட்ட தேசியக் காற்றுத்தர அளவுகள் பன்னிரண்டு மாசுப்பொருள்களுக்கு வரம்பு விதிக்கின்றன. அவற்றுள் பி.எம். 2.5 என்று குறிக்கப்படும் நுண்துகள், அதாவது குறுக்களவு 2.5 மைக்ரான் அல்லது அதற்கும் குறைவாக இருப்பதால் நுரையீரலின் அடியாழம் வரை இறங்கிவிடும் துகள், ஆண்டுச் சராசரியாக ஒரு கனமீட்டர் காற்றில் 40 மைக்ரோகிராமைத் தாண்டக்கூடாது. உலகச் சுகாதார நிறுவனம் 2021இல் பரிந்துரைத்த அளவு 5 மைக்ரோகிராம்தான் என்பதால், இந்திய வரம்பே அதைப்போல் எட்டு மடங்கு தாராளமானது.

உமிழ்வு வரம்பை மீறினால் பொறுப்பேற்க ஓர் ஆலை இருக்கிறது. ஊரின் காற்று கெட்டால் பொறுப்பேற்க யாரும் இல்லை. ஒரே வட்டாரத்தில் இருக்கும் பத்து ஆலைகள் தத்தம் வரம்பில் தொண்ணூறு விழுக்காட்டைத் தொட்டுக்கொண்டு இயங்கினால், பத்தும் சட்டத்தை மதித்து நடப்பவை என்று ஆய்வறிக்கையில் பதிவாகும்; அந்தப் பத்தின் புகையும் கலந்த காற்றை இழுப்பவருக்கு அந்த அறிக்கையால் ஒரு பயனும் இல்லை. அதோடு, வரம்பு என்பது செறிவுக்கே விதிக்கப்படுவதால், ஓர் ஆலை தன் உற்பத்தியை இரட்டிப்பாக்கி இரு மடங்கு புகையை வெளியேற்றினாலும் ஒவ்வொரு கனமீட்டரிலும் உள்ள மில்லிகிராம் மாறாதவரை வரம்பு மீறப்பட்டதாகக் கொள்ளப்படுவதில்லை. இந்த வட்டாரம் மொத்தமாக இவ்வளவுதான் தாங்கும் என்ற கணக்கு எந்த இசைவாணையிலும் முதன்மை இடம் பெறுவதில்லை.

மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் அப்படியொரு வட்டாரக் கணக்கைப் போட்டுப் பார்த்தது. 2009இல் நாடெங்கும் உள்ள 88 தொழிற்பகுதிகளின் காற்று, நீர், நிலம் ஆகியவற்றை ஆராய்ந்து நூற்றுக்கு இத்தனை என மதிப்பெண் வழங்கிய ஒருங்கிணைந்த மாசுக் குறியீட்டில், 70ஐத் தாண்டியவை 'மிகக் கடுமையாக மாசடைந்தவை' என்று அறிவிக்கப்பட்டன. அந்த 43 பகுதிகளில் தமிழகத்தைச் சேர்ந்தவை நான்கு: வேலூர், கடலூர், மணலி, கோயம்புத்தூர். மணலியின் மதிப்பெண் 76.32. அடுத்த ஆண்டின் தொடக்கத்தில் இப்பகுதிகளில் புதிய ஆலைகளுக்கும் விரிவாக்கத்துக்கும் சூழல் அனுமதி வழங்குவது நிறுத்திவைக்கப்பட்டது. மாநில வாரியங்கள் செயல்திட்டங்களை எழுதிக் கொடுத்த பிறகு அந்தத் தடை படிப்படியாக விலக்கிக்கொள்ளப்பட்டது. 2018ஆம் ஆண்டு மதிப்பீட்டில் மணலி பெற்றது 84.15. கணக்கிடும் முறை இடையில் திருத்தப்பட்டதால் இரண்டு எண்களையும் அருகருகே வைத்து இத்தனை விழுக்காடு கூடிவிட்டது என்று சொல்வது முறையாகாது. எனினும், இரண்டு முறைகளிலும் மணலி ஒரே பட்டியலில்தான் நின்றது என்பதையும், செயல்திட்டம் எழுதப்பட்டதே தடையை விலக்கப் போதுமான காரணமாக எடுத்துக்கொள்ளப்பட்டது என்பதையும் மறுப்பதற்கில்லை.

வடசென்னையின் காற்றோட்டம் இந்தச் சுமையை மேலும் கூட்டுகிறது. 500 மெகாவாட்டும் அதற்கு மேலும் உள்ள மின் அலகுகளுக்கு 275 மீட்டர் உயரப் புகைபோக்கி வேண்டும் என்று விதிக்கப்பட்டதன் நோக்கம், புகையை உயரத்தில் விட்டால் அது பரவி நீர்த்துப்போகும் என்பதே. கடற்கரையில் இந்த எதிர்பார்ப்பு பல நேரங்களில் பலிப்பதில்லை. பகலில் நிலம் சூடேறியதும் கடலிலிருந்து குளிர்ந்த காற்று உள்ளே நுழைகிறது. அந்தக் கடற்காற்று நிலத்தின் மேல் நகர நகர அதன் அடிப்பகுதி வெப்பமடைந்து மேலும் கீழுமாகப் புரளத் தொடங்க, உயரத்தில் சென்றுகொண்டிருந்த புகை அந்தப் புரட்டலில் சிக்கித் தரைக்கு இழுத்து வரப்படுகிறது. அப்போது புகை இறங்கும் இடம் புகைபோக்கியின் அடியாக இல்லாமல் சில கிலோமீட்டர் உள்ளே தள்ளியிருக்கும் குடியிருப்பாக இருக்கலாம். இரவில் காற்று திசைமாறிக் கடலை நோக்கி வீசும். மார்கழி, தை மாதங்களின் விடியற்காலையில் தரையை ஒட்டிய குளிர்ந்த காற்று அசையாமல் தேங்கிவிடுவதால், தாழ்வாக வெளியேறும் வாயுக்கள் தெருக்களிலேயே தங்கிவிடுகின்றன. வட்டார மக்கள் 'கேஸ் அடிக்கிறது' என்று ஒரே சொல்லில் சொல்லிவிடும் அனுபவம், எந்த மணியில் எந்தத் தெருவில் நிகழும் என்பது காற்றின் இந்த நடையைப் பொறுத்தது.

நிலக்கரி எரியும்போது வெளிப்படும் கந்தக டை ஆக்சைடைப் பற்றிய விதியின் வரலாறு, அமலாக்கம் எப்படிக் கரைந்துபோகும் என்பதற்கு நல்ல சான்று. அனல்மின் நிலையங்களுக்கான புதிய உமிழ்வு வரம்புகள் 2015 டிசம்பரில் அறிவிக்கப்பட்டன. 500 மெகாவாட்டுக்குக் குறைவான பழைய அலகுகள் ஒரு கனமீட்டருக்கு 600 மில்லிகிராமுக்குள்ளும், 500 மெகாவாட்டும் அதற்கு மேலும் உள்ளவை 200 மில்லிகிராமுக்குள்ளும் இந்த வாயுவைக் கட்டுப்படுத்த வேண்டும். அதற்கான வழி, மின்துறையினர் எஃப்.ஜி.டி. என்று குறிப்பிடும் கந்தக நீக்க அமைப்பு. சுண்ணாம்புக்கல் கரைசலைப் புகையின் மேல் தெளித்து, கந்தகத்தை ஜிப்சமாக மாற்றிப் பிரித்தெடுக்கும் இந்தத் தொழில்நுட்பம் உலகில் பல பத்தாண்டுகளாகப் பழக்கத்தில் உள்ளது. கொடுத்த கெடு இரண்டு ஆண்டுகள். அது 2022க்கு நகர்ந்தது. பிறகு நிலையங்கள் மூன்று வகையாகப் பிரிக்கப்பட்டு வகைக்கொரு கெடு தரப்பட்டது. அந்தக் கெடுக்களும் மீண்டும் மீண்டும் தள்ளிப்போயின. இறுதியில் 2025 ஜூலையில், பெருநகரங்களுக்கும் மிகக் கடுமையாக மாசடைந்த பகுதிகளுக்கும் தொலைவில் உள்ள மூன்றாம் வகை நிலையங்களுக்கு, அதாவது நாட்டின் நிலக்கரி மின்திறனில் நான்கில் மூன்று பங்குக்கும் மேற்பட்டதற்கு, இந்தக் கட்டாயமே நீக்கப்பட்டது. தலைநகர் வட்டாரத்தையும் பத்து லட்சத்துக்கு மேல் மக்கள்தொகை கொண்ட நகரங்களையும் ஒட்டிய முதல் வகைக்கு 2027 இறுதிவரை கெடு நீட்டிக்கப்பட்டது. மிகக் கடுமையாக மாசடைந்த பகுதிகளிலிருந்து பத்து கிலோமீட்டருக்குள் இருக்கும் இரண்டாம் வகைக்கு எஃப்.ஜி.டி. வேண்டுமா என்பதை நிபுணர் குழு ஒவ்வொரு நிலையமாகப் பார்த்து முடிவு செய்யும்.

இந்தத் தளர்வுக்கு அரசு சொன்ன காரணம் முற்றிலும் புறக்கணிக்கத்தக்கதல்ல: இந்தியாவின் பெரும்பாலான இடங்களில் வெளிக்காற்றில் கந்தக டை ஆக்சைடின் அளவு ஏற்கெனவே வரம்புக்குள்தான் இருக்கிறது. ஆனால் இந்த வாயு வாயுவாகவே இருந்துவிடுவதில்லை. காற்றில் மிதந்து செல்லும்போது அது வேதிமாற்றம் அடைந்து சல்ஃபேட் என்னும் நுண்துகளாகிறது. அப்போது அது கந்தகக் கணக்கிலிருந்து மறைந்து பி.எம். 2.5 கணக்கில் சேர்கிறது, அந்தக் கணக்குக்கு எந்தப் புகைபோக்கியும் பதில் சொல்ல வேண்டியதில்லை. அதைவிடக் கூர்ந்து நோக்க வேண்டியது, மிகக் கடுமையாக மாசடைந்த பகுதி என்ற முத்திரை ஓர் ஊரைத் தப்பாமல் காக்கும் கட்டாயமாக அமையாமல், குழுவொன்றின் விருப்புரிமைக்கு உட்பட்டதாக முடிந்திருப்பது. மற்ற எந்த இடத்தில் தளர்த்தினாலும் இந்தப் பட்டியலில் உள்ள இடங்களில் தளர்த்தியிருக்கக் கூடாது.

விதி உறுதியாக இருக்கும் இடங்களிலும் அதை நிலைநாட்டச் சான்று வேண்டும். காற்றுச் சட்டத்தின் 26ஆம் பிரிவு, வாரியத்தின் அதிகாரம் பெற்ற அலுவலர் புகைபோக்கியிலிருந்து மாதிரி எடுக்கும் முறையை விரிவாக வகுக்கிறது. ஆலை நிர்வாகத்துக்கு அறிவிப்புக் கொடுத்து, அவர்கள் முன்னிலையில் மாதிரியைச் சேகரித்து, கொள்கலனில் குறியிட்டு முத்திரை வைத்து, இரு தரப்பும் கையெழுத்திட்டு ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும்; இந்த நடைமுறையில் வழுவினால் ஆய்வு முடிவை நீதிமன்றம் சான்றாக ஏற்காது. நிர்வாகத்தின் மேல் பொய்வழக்குப் புனையப்படாமல் தடுக்கும் நல்ல எண்ணத்தில் எழுந்த பிரிவுதான் இது. ஆயினும் நள்ளிரவு இரண்டு மணிக்கு அடித்து மூன்று மணிக்கு ஓய்ந்துவிடும் வாயுவை, காலை பத்து மணிக்கு முன்னறிவிப்போடு வரும் அலுவலரால் பிடிக்க முடியாது. மிகவும் மாசுபடுத்தும் 17 வகைத் தொழிற்சாலைகள் தம் புகைபோக்கிகளில் தொடர் கண்காணிப்புக் கருவிகளைப் பொருத்தி, அளவீடுகளை இணையவழியே வாரியங்களுக்கு அனுப்ப வேண்டும் என்று 2014இல் மத்திய வாரியம் ஆணையிட்டதால் இந்த இடைவெளி ஓரளவு குறைந்தது. ஆனால் கருவியைப் பொருத்துவதும் அளவைச் சரிபார்த்துப் பராமரிப்பதும் ஆலையின் பொறுப்பிலேயே விடப்பட்டிருக்க, வந்து குவியும் எண்களைப் பார்த்து நடவடிக்கை எடுக்கவோ வாரியங்களில் ஆள் இல்லை. நாட்டின் மாநில வாரியங்கள் அனைத்தையும் சேர்த்துப் பார்த்தால், அனுமதிக்கப்பட்ட பணியிடங்களில் கிட்டத்தட்டப் பாதி காலியாகக் கிடக்கின்றன.

வடசென்னையில் இன்னொரு முடிச்சும் உண்டு. அனல்மின் நிலையங்கள் மாநில அரசின் மின் நிறுவனத்துக்கும், வல்லூரைப் பொறுத்தவரை அதனுடன் கூட்டுச் சேர்ந்த மத்திய அரசின் என்.டி.பி.சி.க்கும் உரியவை; எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை இந்தியன் ஆயிலின் துணை நிறுவனம். மாநில அரசால் நியமிக்கப்படும் வாரியம் மாநில அரசின் நிலையத்துக்கு எதிராக வழக்காட வேண்டிய நிலையில், அதன் கை எவ்வளவு தூரம் நீளும் என்பதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 1987இல் சேர்க்கப்பட்ட 31ஏ பிரிவு, விதி மீறும் ஆலையை மூடவும் அதற்கான மின்சாரத்தையும் தண்ணீரையும் துண்டிக்கவும் வாரியத்துக்கு அதிகாரம் தருகிறது. மின்சாரத்தை உற்பத்தி செய்வதே தொழிலாகக் கொண்ட நிலையத்தின் மீது இந்தப் பிரிவை எப்படிச் செலுத்துவது என்று சட்டம் எழுதியவர்கள் யோசித்ததாகத் தெரியவில்லை.

இந்த அமைப்பு நெருக்கடியில் எப்படி நடந்துகொண்டது என்பதை 2023 டிசம்பர் காட்டியது. மிக்ஜாம் புயல் வெள்ளத்தில் கழிமுகத்துக்குள் எண்ணெய் பரவி, படகும் வலையும் கரிய பிசினாய்ப் போயிருந்த சில வாரங்களில், 26ஆம் தேதி நள்ளிரவை ஒட்டி, எண்ணூரில் உள்ள கோரமண்டல் இன்டர்நேஷனல் உர ஆலைக்குக் கப்பலிலிருந்து அம்மோனியாவைக் கொண்டுவரும் கடலடிக் குழாயில் கசிவு ஏற்பட்டது. பெரியகுப்பம், சின்னக்குப்பம் உள்ளிட்ட ஊர்களின் மக்கள் கண்ணெரிச்சலோடும் மூச்சுத்திணறலோடும் இருட்டில் வீடுகளை விட்டு ஓடினார்கள். ஐம்பதுக்கும் மேற்பட்டோர் மருத்துவமனைகளில் சேர்க்கப்பட்டார்கள். வாரியம் அளந்தபோது ஆலையின் அருகே காற்றில் ஒரு கனமீட்டருக்கு 2,090 மைக்ரோகிராம் அம்மோனியா இருந்தது; 24 மணி நேரச் சராசரிக்கான வரம்பு 400. ஆலை மூடப்பட்டது, பசுமைத் தீர்ப்பாயம் தானே முன்வந்து வழக்கை எடுத்துக்கொண்டது, வாரியம் 5.92 கோடி ரூபாய் சூழல் இழப்பீடு விதித்தது. ஊர்மக்கள் பல வாரங்கள் பந்தல் போட்டு அமர்ந்து, ஆலையை நிரந்தரமாக மூடக் கோரினார்கள். இங்கே அமலாக்கம் விரைவாகவே நடந்தது. காரணம், இந்தக் கசிவுக்கு ஒரே ஒரு குழாய், ஒரே ஒரு உரிமையாளர், ஒரே ஓர் இரவு. ஆண்டின் மற்ற நாள்களில் மெல்ல மெல்ல உள்ளே போகும் நச்சுக்கு அப்படியொரு முகவரி கிடைப்பதில்லை.

அன்றாட மீறல்களுக்கு விதிக்கப்படும் சூழல் இழப்பீட்டுக்கு மத்திய வாரியம் வகுத்த ஒரு சூத்திரம் உண்டு. அதைச் சற்று நெருங்கிப் பார்ப்பது பயன் தரும். ஆலையின் மாசுக் குறியீடு, மீறல் நீடித்த நாள்கள், ரூபாய்க் காரணி, ஆலையின் அளவு, அமைவிடக் காரணி ஆகிய ஐந்தையும் ஒன்றோடொன்று பெருக்க வேண்டும். மிகுதியாக மாசுபடுத்தும் சிவப்பு வகை ஆலைக்குக் குறியீடு 80. ரூபாய்க் காரணிக்குப் பரிந்துரைக்கப்பட்டது 250. பெரிய ஆலைக்கு 1.5, ஐம்பது லட்சத்துக்கு மேல், ஒரு கோடிக்குள் மக்கள் வாழும் நகருக்கு மற்றொரு 1.5. பெருக்கினால் ஒரு நாளுக்கு 45,000 ரூபாய். 1,500 மெகாவாட் நிலையம் முழுத் திறனில் ஒரு நாள் ஓடினால் 3.6 கோடி யூனிட் மின்சாரம் கிடைக்கும். யூனிட்டுக்கு ஒரே ஒரு பைசா என்று கொண்டாலும் அது 3.6 லட்சம் ரூபாய். அந்தத் தட்டில் வைத்துப் பார்த்தால் இழப்பீடு யூனிட்டுக்கு எட்டில் ஒரு பைசாதான். பெருஞ்செலவில் மாசுக் கட்டுப்பாட்டுக் கருவிகளை நிறுவுவதா, மீறி நடந்து இந்தத் தொகையைக் கட்டிவிடுவதா என்று கேட்டால், எந்தக் கணக்காளர் என்ன விடை தருவார் என்பது வெளிப்படை.

தொகையை விடக் கவனிக்க வேண்டியது அமைவிடக் காரணி. நகரின் மக்கள்தொகை கூடக்கூட அது கூடுகிறது. சூழல் முக்கியத்துவம் வாய்ந்ததாக அறிவிக்கப்பட்ட பகுதிகளுக்கு 2 என்று வைத்துக்கொள்ளலாம் என்கிறது வழிகாட்டு நெறி. மிகக் கடுமையாக மாசடைந்த பகுதிகளுக்கு? அது பின்னர் ஆராயப்படலாம் என்ற அளவில் அந்த ஆவணம் நிறுத்திக்கொள்கிறது. அதாவது, காட்டோரத்தில் நடக்கும் மீறலுக்குக் கூடுதல் விலை உண்டு. ஏற்கெனவே மூச்சுத் திணறும் மணலியில் நடக்கும் மீறலுக்கு, அது மணலி என்பதற்காக, ஒரு ரூபாய்கூடக் கூடுதல் இல்லை. மிகைச்சுமை தாங்கும் மக்கள் சட்டத்தின் கணக்கில் எங்கே இருக்கிறார்கள் என்பதற்கு இதைவிடத் துல்லியமான விடை கிடைக்காது.

தண்டனைச் சட்டமும் இடையில் மாறியிருக்கிறது. 2023இல் நிறைவேறிய ஜன் விஸ்வாஸ் சட்டம், காற்றுச் சட்டத்தின் பல மீறல்களுக்கு இருந்த சிறைத்தண்டனையை நீக்கி, பத்தாயிரம் முதல் பதினைந்து லட்சம் ரூபாய் வரையிலான அபராதத்தை வைத்தது. சிறை என்ற அச்சம் போய்விட்டது என்று சூழல் ஆர்வலர்கள் குறைகூறினார்கள். குற்ற வழக்குகள் ஆண்டுக்கணக்கில் இழுபட்டு, மிகச் சிலரே தண்டிக்கப்பட்ட நாட்டில், உடனடியாக வசூலாகும் அபராதம் ஒருவேளை கூடுதல் பயன் தரலாம். அதன் உச்சவரம்பு பெருநிறுவனங்களுக்குப் பொருட்டாக இல்லை என்பதே உண்மையான குறை. 2025 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் டெல்லி மாசுக் கட்டுப்பாட்டுக் குழு தொடர்ந்த வழக்கில், வாரியங்கள் நீதிமன்றத்தை நாடாமலே, தமக்குள்ள ஆணையிடும் அதிகாரத்தைக் கொண்டு சேதத்துக்கு ஈடான தொகையை விதிக்கலாம் என்று தெளிவுபடுத்தியது. சேதம் உண்டாகும்வரை காத்திராமல், உண்டாகக்கூடிய சேதத்தைத் தடுக்க முன்கூட்டியே ஈட்டுத்தொகை கேட்கவும் அந்தத் தீர்ப்பு இடம் தருகிறது. வாரியங்கள் இனி அதிகாரம் இல்லை என்று கைவிரிக்க முடியாது.

சான்று திரட்டும் வேலையை மக்களே கையிலெடுத்த முன்னுதாரணம் தமிழகத்திலேயே உள்ளது. கடலூர் சிப்காட் தொழிற்பேட்டையைச் சுற்றியுள்ள ஊர்மக்கள் 2004இல், பிளாஸ்டிக் வாளிக்குள் பொருத்திய சிறப்புப் பையில் காற்றை உறிஞ்சிப் பிடித்து, ஆய்வகத்துக்கு அனுப்பி, அதில் கலந்திருந்த நச்சு வாயுக்களைப் பெயர் சொல்லிப் பட்டியலிட்டார்கள். எந்த நாளில், எந்த மணியில், எந்த ஆலைப் பக்கமிருந்து என்ன நெடி வந்தது என்று நாட்குறிப்பும் எழுதினார்கள். 1990களில் அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் உருவான எளிய முறை அது. அதே வாளி முறையைக் கொண்டு நியூயார்க் மாநிலத்தின் டோனவாண்டா நகர மக்கள், தம் ஊரின் கல்கரி ஆலையிலிருந்து பென்சீன் வருவதை அதே 2004வாக்கில் கண்டார்கள். புற்றுநோய் தரும் அந்த வாயுவைப் பற்றிய புகாரை அங்கே மாநில அரசு தன் கருவிகளால் சரிபார்த்தது. மத்திய சூழல் பாதுகாப்பு முகமை 2009இல் ஆலைக்குள் நுழைந்து சோதித்தது. 2013இல் நிறுவனம் குற்றவாளி எனத் தீர்ப்பாயிற்று. அடுத்த ஆண்டு அதன் சூழல் மேலாளருக்கு ஓராண்டுச் சிறை கிடைத்தது. 2018இல் ஆலையே மூடப்பட்டது. வாளி இரு இடத்திலும் ஒன்றுதான். ஆனால் டோனவாண்டாவில் மக்களின் மாதிரியை விசாரணையின் தொடக்கமாக எடுத்துக்கொண்ட அரசு அலுவலகம் ஒன்று இருந்தது.

அமெரிக்கா இந்தத் துறையில் தூய்மையின் இருப்பிடமல்ல. லூசியானா மாநிலத்தில் மிசிசிப்பி ஆற்றங்கரை ஆலைகளை ஒட்டி வாழும் கறுப்பின மக்களின் நிலை அதற்குச் சாட்சி. இருந்தும், நியூ ஜெர்சி மாநிலம் 2020இல் இயற்றிய சட்டம், வடசென்னை போன்ற இடங்களுக்கு நேரடியாகப் பொருந்தும் ஒரு கேள்வியைச் சட்டத்தின் மொழியில் கேட்டது. குறைந்த வருமானக் குடும்பங்கள் 35 விழுக்காட்டை எட்டும் பகுதிகளும், சிறுபான்மையினரோ ஆங்கிலம் சரளமாக வராத குடும்பங்களோ 40 விழுக்காட்டை எட்டும் பகுதிகளும் மிகைச்சுமை தாங்கும் சமூகங்களாக அங்கே வரையறுக்கப்பட்டன. அத்தகைய பகுதியில் மின் நிலையம், எரிஉலை, பெரிய கழிவுநீர் நிலையம் போன்றவற்றை அமைக்க விரும்புவோர், தம் ஆலையின் புகையை மட்டுமல்லாமல், அந்த ஊர் ஏற்கெனவே சுமக்கும் எல்லாவற்றோடும் அது சேரும்போது என்ன ஆகும் என்பதையும் கணக்கிட்டு, மக்கள் முன் வைக்க வேண்டும். மற்ற ஊர்களைவிட அந்த ஊரின் சுமை ஏற்றத்தாழ்வாகக் கூடும் என்று தெரிந்தால், தவிர்க்க முடியாத பொதுத்தேவை நிரூபிக்கப்பட்டால் ஒழிய, புதிய ஆலைக்கு அனுமதி மறுப்பது அரசின் கடமை. விருப்புரிமை என்று விடாமல் கடமை என்று எழுதியதே அந்தச் சட்டத்தின் சிறப்பு.

மின்சாரமும் பெட்ரோலும் உரமும் வேண்டாம் என்று எவரும் சொல்லப்போவதில்லை. வடசென்னையின் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் இந்த ஆலைகளின் ஒப்பந்தக் கூலியில்தான் உண்கின்றன என்பதும் மெய். ஆனால் இந்த வாதம் வழக்கமாக ஆலை வேண்டுமா வேண்டாமா என்ற இடத்துக்கு இழுத்துச் செல்லப்பட்டு, இருக்கும் ஆலை விதிப்படி நடக்கிறதா என்ற எளிய கேள்வி காணாமற் போகிறது. நாடு முழுவதற்குமான தூய காற்றுத் திட்டத்திலும் இதே நழுவல் உண்டு: 2019இல் தொடங்கிய அந்தத் திட்டத்தின் நிதியில் பெரும்பகுதி சாலைப் புழுதியை அடக்குவதற்கே செலவாகி, தொழிற்சாலை மாசுக்கு மிகச் சொற்பமே ஒதுங்கியது. புழுதியைக் கூட்டுவதில் எந்த நிறுவனத்தையும் பகைத்துக்கொள்ள வேண்டியதில்லை.

அடுத்த சோதனைகள் வாசலில் நிற்கின்றன. 2017இல் மூடப்பட்ட பழைய எண்ணூர் அனல்மின் நிலைய வளாகத்தில் 660 மெகாவாட் புதிய அலகு திட்டமிடப்பட்டிருக்கிறது. கொடுங்கையூரில் குப்பையை எரித்து மின்சாரம் எடுக்கும் உலையை மாநகராட்சி முன்மொழிந்திருக்கிறது, அதை எதிர்த்து வடசென்னைக் குடியிருப்போர் வீதிக்கு வந்திருக்கிறார்கள். இவற்றின் சூழல் அறிக்கைகள் ஒவ்வொன்றும் தன் புகைபோக்கி வரம்புக்குள் இருக்கும் என்றே வாதிடும். மணலி, எண்ணூர் வட்டாரத்தின் எல்லாப் புகைபோக்கிகளையும் ஒரே கணக்கில் சேர்த்து, மொத்தச் சுமைக்கு ஓர் உச்சவரம்பு கட்டிய பிறகே எந்தப் புதிய இசைவாணையும் வழங்கப்பட வேண்டும். இதற்குப் புதுச் சட்டம் தேவையில்லை. காற்றுச் சட்டத்தின் 17ஆம் பிரிவு, வெளிக்காற்றின் தரத்தைக் கருத்தில் கொண்டு, மத்திய வாரியத்தைக் கலந்து, ஆலைக்கு ஆலை வெவ்வேறான உமிழ்வு வரம்புகளை விதிக்கும் அதிகாரத்தை 1981 முதலே மாநில வாரியத்தின் கையில் கொடுத்திருக்கிறது. அதை மணலியில் பயன்படுத்துமாறு தமிழ்நாடு மாசு கட்டுப்பாட்டு வாரியத்தைக் கேட்பதற்கு, அடுத்த கருத்துக் கேட்புக் கூட்டமே தகுந்த இடம்.